கார்டில் வந்த பணம் எப்போது நம்முடையதாகிறது?

இணையத்தில் ஏதாவது விற்கத் தொடங்கும் யாரும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேட்வேயில கமிஷன் கம்மி?" என்பதைத்தான். கேட்வே என்பது இணையதளத்தில் கார்டுப் பணத்தை வாங்கித் தரும் சேவை. சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் செய்து கொடுத்து அதில் கார்டு வசதியைச் சேர்த்துத் தருவது என் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வி காதுக்குப் பழகிவிட்டது. ஆனால் கமிஷன் அரை சதவீதம் கூடியதால் கடையை மூடியவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சேவை கணக்கை முடக்கிவிட்டதால், வாடிக்கையாளர் கொடுத்த பணம் திரையில் தெரிந்தும் கைக்கு வராமல், அடுத்த சரக்குக்குக் காசில்லாமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கமிஷன் கொஞ்சம் பொறுக்கட்டும்.

ரொக்கம் கைமாறினால் கதை முடிந்தது. கார்டில் அப்படி முடிவதில்லை. வாங்குபவர் பட்டனை அழுத்தியதும் அவருக்குக் கார்டு கொடுத்த வங்கி "சரி" என்கிறது, விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான அமைப்பு அந்தச் சரியைக் கடத்துகிறது, நம் பக்கத்தில் அக்வயரர் என்று ஒரு வங்கி இருந்து ஓரிரு வேலை நாளில் பணத்தை நம் கணக்கில் போடுகிறது. இவ்வளவும் நடந்த பிறகும், வாங்கியவர் தன் வங்கிக்குப் போய் "நான் வாங்கவே இல்லை" என்றோ "பொருள் வந்து சேரவில்லை" என்றோ சொன்னால் பணம் வந்த வழியே திரும்பிவிடும். இதுதான் சார்ஜ்பேக். பெரும்பாலான காரணங்களுக்குக் கெடு 120 நாள் வரை. பொருளோ சேவையோ பின்னாளில் கிடைக்க வேண்டியதென்றால் பல நேரம் அந்தப் பின்னாளிலிருந்துதான் எண்ணிக்கையே ஆரம்பிக்கும். அதற்குள் நாம் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தால் அந்தத் தொகையை அக்வயரர்தான் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும். நாம் என்னவோ அவர் நமக்கு ஒரு வசதியை விற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் பேரேட்டில் நாம் சில மாதத் தவணையில் கடன் வாங்கியவர்.

இதைப் புரிந்துகொண்டால், எரிச்சலூட்டும் பாதி விஷயங்களுக்குக் காரணம் தானாக விளங்கிவிடும். ஏன் இத்தனை ஆவணம் கேட்கிறார்கள், ஏன் வங்கிக் கணக்கின் பெயரும் பதிவுச் சான்றிதழின் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள், ஏன் புதுக்கணக்கில் விற்பனையில் ஒரு பங்கை மாதக்கணக்கில் பிடித்துவைத்துத் தருகிறார்கள் எல்லாம். அந்தப் பிடித்தத்துக்கு ரோலிங் ரிசர்வ் என்று பெயர். 5 முதல் 10 சதவீதத்தை ஆறு மாதம் வைத்திருந்து கொடுப்பது சாதாரணம். பதிவிறக்கிய நிமிடமே வேலை முடிந்துவிடும் மென்பொருளுக்கும், இன்று பணம் வாங்கி எட்டு மாதம் கழித்து நடக்கப்போகும் நிகழ்ச்சிக்கான டிக்கெட்டுக்கும் ஒரே விதி இருக்காது, ஏனென்றால் இரண்டாவதில் கடன் பெரியது. 2020இல் பெருந்தொற்றால் பயணங்கள் கொத்துக்கொத்தாக ரத்தானபோது பெரிய விமான நிறுவனங்களின் கார்டு வசூலையே அக்வயரர்கள் பிடித்துவைத்தார்கள், நாமெல்லாம் எந்த மூலைக்கு.

சரி, கணக்கு தொடங்குவது எப்படி? வழி மூன்று. ஒரு வங்கியிடம் நேராகப் போய் நம் பெயரிலேயே மெர்ச்சன்ட் அக்கவுண்ட், அதாவது கார்டுப் பணம் வாங்கும் வணிகர் கணக்கு, வாங்குவது ஒன்று. ஸ்ட்ரைப், பேபால் போன்ற சேவைகளில் சேர்ந்து அவர்கள் குடைக்குள் நிற்பது இன்னொன்று. மூன்றாவது வழியில், சட்டப்படி விற்பவரே நாம் சேரும் சேவை நிறுவனம்தான். நம் பொருளை அவர்கள் விற்று, வரியையும் தகராறையும் அவர்களே பார்த்துக்கொண்டு, மீதியை நமக்குத் தருவார்கள், கமிஷன் கணிசமாகக் கூடும். மென்பொருளோ மின்னூலோ பல நாடுகளுக்கு விற்கும் தனியாளுக்கு இந்த மூன்றாவது வழி நல்ல நிம்மதி. மற்றபடி புதிதாக ஆரம்பிப்பவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவதில்தான் போய் நிற்கிறார்கள், அதுவே சரி என்றும் சொல்வேன். முதல் வழி விற்பனை பெருகிய பிறகு யோசிக்க வேண்டியது.

ஆனால் இரண்டாவது வழியில் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் படிவம் நிரப்பினால் மாலைக்குள் பணம் வாங்கத் தொடங்கலாம் என்பார்கள், உண்மைதான். அதற்காகச் சோதனையே கிடையாது என்று அர்த்தமில்லை, சோதனையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வங்கி வாசலிலேயே கேட்டிருக்கும் கேள்விகளை இவர்கள் முதல் பெரிய தொகை வரும் நாளில் கேட்பார்கள். மாதக்கணக்கில் சொற்ப விற்பனை நடந்த கணக்கில் திடீரென்று ஒரே வாரத்தில் இருபது மடங்கு வந்தால், நமக்கு அது கொண்டாட்டம், அவர்களுடைய கணினிக்கு அது எச்சரிக்கை மணி. மோசடிக்காரர்களும் கடைசி வாரத்தில் அப்படித்தான் அள்ளிக்கொண்டு போவார்கள். எனவே பெரிய தள்ளுபடியோ புது வெளியீடோ வரப்போகிறதென்றால் முன்கூட்டியே ஆதரவுக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இன்ன தேதியில் ஏறத்தாழ இவ்வளவு எதிர்பார்க்கிறோம், சரக்குக்கான பில் இதோ என்று சொல்லிவிடுங்கள். பதிலே வராவிட்டாலும் பரவாயில்லை, நாளை கேள்வி வந்தால் காட்ட ஒரு கடிதம் இருக்கிறது.

விண்ணப்பத்தில் என்ன தொழில் என்று கேட்கும் இடத்தில் சுற்றி வளைக்காமல் உள்ளதை எழுதுங்கள். அதை வைத்துத்தான் எம்சிசி என்ற நான்கு இலக்க வகைக் குறியீடு விழும், கமிஷனும் ஆபத்துக் கணிப்பும் அதைப் பிடித்துத்தான் போகும். சத்து மாத்திரை விற்கப்போகிறவர் "பொதுவான சில்லறை வணிகம்" என்று எழுதி உள்ளே போய்விடலாம், பிற்பாடு தெரியவந்தால் கணக்கு அன்றே போச்சு. அப்புறம், அவர்கள் இணையதளத்தைத் திறந்து பார்ப்பார்கள். என்ன விற்கிறோம், என்ன விலை, எத்தனை நாளில் வரும், திருப்பித் தரலாமா, புகார் என்றால் யாரைத் தொடர்புகொள்வது என்ற ஐந்தும் கண்ணில் படவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். ரீஃபண்ட் கொள்கையை வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டி, அந்தத் தளத்தின் பெயரைக்கூட மாற்றாமல் விட்ட பக்கங்களை நான் எத்தனையோ பார்த்தாயிற்று.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை பேரமே இல்லாத விஷயம்: கார்டு எண் நம் சர்வரைத் தொடவே கூடாது. பணம் வாங்கும் பக்கத்தைச் சேவை நிறுவனமே நடத்தட்டும், அல்லது எண்ணைத் தட்டும் பெட்டிகள் மட்டுமாவது அவர்கள் சர்வரிலிருந்து வரட்டும். நமக்கு வர வேண்டியது ஒரு டோக்கன், அதாவது கார்டு எண்ணுக்குப் பதிலாக நிற்கும் ஒரு குறியீடு, கூடவே கடைசி நான்கு இலக்கம், அது போதும். கார்டு நிறுவனங்கள் சேர்ந்து 2004இல் கொண்டுவந்த பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு, கார்டைத் தொடும் எல்லோருக்கும் பொருந்தும். ஒருவர் வீட்டிலிருந்து நடத்தும் கடைக்கும்தான். எண் நம் பக்கம் வராமல் இருந்தால் நாம் நிரப்ப வேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவம் சில பக்கத்தில் முடியும். வந்து போனால், அதுவும் சேமித்தால், நூற்றுக்கணக்கான கேள்விகள். கார்டின் பின்னால் இருக்கும் சிவிவியை, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு விற்பவர் யாருமே சேமிக்கக் கூடாது, மறையாக்கம் செய்து வைத்தால்கூட.

இது புரோகிராமர் சமாச்சாரம் மட்டும் இல்லை. நான் தளம் செய்து கொடுத்த ஒரு கடைக்கு, வாடிக்கையாளர் ஒருவர் தன் கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உங்க சைட்ல எனக்குத் தெரியல, இதுல எடுத்துக்குங்க" என்றார். கடைக்காரருக்கு அந்த நம்பிக்கையில் ஒரே சந்தோஷம், உடனே தட்டிவிடப் போனார். அந்தப் படம் அதற்குள் அவர் போனின் கேலரியில், மேகக்கணிப் பிரதியில், கடைப் பையன் போனில் என்று மூன்று இடத்துக்குப் போய்விட்டிருந்தது. எல்லா இடத்திலும் அழித்துவிட்டு, பணம் செலுத்தும் இணைப்பு ஒன்றை அவருக்கு அனுப்பச் சொன்னேன். இப்படி யார் அனுப்பினாலும் என்ன பதில் போட வேண்டும் என்று ஒரு வரி எழுதி, பேசி ஆர்டர் எடுக்கும் எல்லோர் கையிலும் கொடுத்துவிடுவது நல்லது.

பணம் வாங்கும் பக்கத்தில் கண்ட கண்ட ஸ்கிரிப்டையும், அதாவது பக்கத்தோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்களையும், ஏற்றாதீர்கள். விளம்பரக் கண்காணிப்பு, அரட்டைப் பெட்டி, எதுவாக இருந்தாலும் வேண்டாம். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் திருடர்கள் நுழைந்தபோது சர்வரில் இருந்த கார்டு எண்களை அள்ளியதோடு நிற்கவில்லை. பக்கத்தில் ஓடிய ஒரு ஸ்கிரிப்டில் சில வரி சேர்த்து, மக்கள் தட்டத் தட்ட விவரங்கள் வேறு முகவரிக்கும் போகும்படி செய்துவிட்டார்கள். 2020இல் அதற்கு 2 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. அந்த ரகத் திருட்டை மனதில் வைத்துத்தான் பிசிஐ விதிகளின் நான்காம் பதிப்பு, பணம் வாங்கும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் கணக்கு கேட்கிறது.

நிரல் எழுதுபவர்களுக்காகக் கொஞ்சம், மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பணம் கட்டியவர் நம் "நன்றி" பக்கத்துக்குத் திரும்பி வருவார் என்று நம்பி ஆர்டரை உறுதி செய்யாதீர்கள். வங்கிப் பக்கத்தில் ஓடிபி போட்டு முடித்ததுமே தாவலை மூடிவிடுபவர்கள், லிஃப்டுக்குள் நுழைந்து சிக்னல் போனவர்கள் என்று எப்போதும் சிலர் இருப்பார்கள். பணம் போயிருக்கும், நம் தளத்தில் "நிலுவை" என்றே நிற்கும், கோபமாக அழைப்பு வரும். சேவை நிறுவனம் பின்னணியில் நம் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் செய்தியைத்தான் நம்ப வேண்டும், அதிலும் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு. ஒரே செய்தி இரண்டு முறை வரும், வரிசை மாறியும் வரும், அதற்கும் தயாராக இருங்கள். பொறுமையில்லாதவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு முறை பணம் போகாமலிருக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஐடெம்பொடன்ஸி சாவி ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். தொகையைப் பல சேவைகள் ஆகக் குறைந்த சில்லறையில் கேட்கும்: ரூபாயென்றால் பைசாவில், அதாவது நூறால் பெருக்கி. ஜப்பானிய யென்னுக்கு அந்தப் பெருக்கல் கிடையாது, குவைத் தினாருக்கு ஆயிரம். எல்லா நாணயத்துக்கும் நூறு என்று எழுதிவிட்டால் யென்னில் வாங்கியவருக்கு நூறு மடங்கு விலை போயிருக்கும்.

ஒப்புதல் வேறு, பிடித்தல் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்புதல் என்றால் வாங்குபவரின் வரம்பில் அந்தத் தொகையை ஒதுக்கி வைப்பது, பெரும்பாலும் ஒரு வாரம் போல நிற்கும். பிடித்தல் என்றால் ஒதுக்கியதை எடுத்துக்கொள்வது, அப்போதுதான் பணம் நகரும். கையில் சரக்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப முடியும் என்ற வகைத் தொழிலாக இருந்தால், ஒப்புதலை மட்டும் முதலில் வாங்கி, அனுப்பும்போது பிடியுங்கள். சரக்கு இல்லையென்றால் ஒதுக்கீட்டை விடுவித்தால் போதும், ரீஃபண்ட் என்ற பேச்சே எழாது.

இப்போது கமிஷன். வாங்குபவர் கொடுத்த 100இல் நமக்கு 97 போல வந்தால், நடுவில் போனது ஒருவருக்கே போகவில்லை. பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு, இன்டர்சேஞ்ச் என்ற பெயரில். ஒரு சிறு பங்கு விசா அல்லது மாஸ்டர்கார்டுக்கு. மிச்சம் அக்வயரருக்கும் கேட்வேக்கும். பேரம் பேசிக் குறைக்க முடிவது இந்த மிச்சத்தை மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் சாதாரண நுகர்வோர் கார்டுகளின் இன்டர்சேஞ்சை கிரெடிட்டுக்கு 0.3, டெபிட்டுக்கு 0.2 சதவீதம் என்று கட்டிப்போட்டது, எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. சதவீதத்தைவிட நான் முதலில் பார்ப்பது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் விழும் நிலையான சிறு கட்டணத்தை; சின்ன விலைப் பொருள் விற்பவரின் லாபத்தைத் தின்பது அதுதான். ரீஃபண்ட் செய்தால் கமிஷன் திரும்புமா, பெரும்பாலும் திரும்பாது. வெளிநாட்டுக் கார்டுக்குக் கூடுதலாக எவ்வளவு, ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் அபராதம் எவ்வளவு, இவையெல்லாம் விலைப் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அடியிலிருந்து மேலாகப் படித்துப் பழகுங்கள்.

சார்ஜ்பேக்கில் திருடப்பட்ட கார்டால் வருவது ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி, வாங்கியவருக்கே தான் வாங்கியது மறந்துபோவதால் வருவது. தளத்தின் பெயர் ஒன்றாகவும், பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வேறொன்றாகவும் இருக்கும். மாத ஸ்டேட்மென்ட்டில் வருவது இரண்டாவது பெயர், அதுவும் இருபத்திரண்டு எழுத்துக்குள் வெட்டிக் குறுக்கி. இந்தப் பெயரில் நான் எதுவும் வாங்கவில்லையே என்று வங்கியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அமைப்புப் பக்கத்தில் ஸ்டேட்மென்ட் டிஸ்கிரிப்டர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மக்கள் அறிந்த தளப் பெயரைப் போடுங்கள், முடிந்தால் தொலைபேசி எண்ணையும். இரண்டு நிமிட வேலை. நான் பார்த்த தகராறுகளில் இதைவிட மலிவான மருந்து வேறில்லை.

யாராவது பணத்தைத் திருப்பிக் கேட்டால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும், தொகை சிறியதென்றால் கொடுத்துவிடுங்கள். சார்ஜ்பேக்கில் தோற்றால் பொருளும் பணமும் போய் அபராதமும் சேரும், பல இடங்களில் ஜெயித்தாலும் அபராதம் திரும்பாது. ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் ஏற்கெனவே வங்கியில் புகார் செய்துவிட்டார் என்றால், பதறிப்போய்த் தனியாக ரீஃபண்டும் செய்துவிடாதீர்கள், அவருக்கு இரண்டு முறை பணம் போகும், ஒன்றைத் திரும்பப் பெறுவதற்குள் உயிர் போய்விடும். அந்தப் புகாருக்கு உள்ளேயே ஒப்புக்கொள்ளுங்கள் அல்லது ஆதாரத்தோடு மறுங்கள். மொத்தப் பரிவர்த்தனைகளில் தகராறு 1 சதவீதத்தை நெருங்கினாலே கண்காணிப்பு ஆரம்பித்துவிடும். அது முற்றிக் கணக்கை மூடினார்கள் என்றால், மாஸ்டர்கார்டு நடத்தும் மேட்ச் என்ற பட்டியலில் பெயர் ஏறலாம். ஏறினால் ஐந்து வருடம் அங்கேயே இருக்கும், வேறு எந்த அக்வயரரிடம் போனாலும் அவர் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலை.

ஓடிபி கேட்கும் அந்த இடைப்பக்கம், 3டி செக்யூர், விற்பனையைக் குறைக்கிறது என்று சிலர் அதை அணைக்க வழி கேட்பார்கள். சில நாடுகளில் அணைக்கவே முடியாது. முடிந்த இடத்திலும் யோசித்துச் செய்யுங்கள்: வங்கி அந்த வழியில் ஆளைச் சரிபார்த்துவிட்டால், "இது நான் இல்லை" என்ற வகைச் சார்ஜ்பேக்கின் நஷ்டம் பொதுவாக நம்மைவிட்டு அந்த வங்கிக்குப் போய்விடும். "பொருள் வரவில்லை" என்ற புகாருக்கு இது உதவாது, அதற்கு கூரியர் ரசீதுதான்.

இன்னொரு தொல்லை, இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு நாள் காலை கேட்வே பக்கத்தைத் திறந்தால் நள்ளிரவிலிருந்து நூற்றுக்கணக்கான முயற்சிகள், எல்லாம் ஒரே சிறு தொகை, பெயர் கட்டத்தில் விசைப்பலகையில் கை வைத்து உருட்டியது போன்ற எழுத்துக்கள், முக்கால்வாசி "நிராகரிப்பு", நடுநடுவே ஒன்றிரண்டு "வெற்றி". திருடிய கார்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு எது உயிரோடு இருக்கிறது என்று நம் தளத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விருப்பம்போலத் தொகை போடலாம் என்ற நன்கொடைப் பக்கங்கள் இவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வெற்றியான ஒவ்வொன்றும் வரப்போகும் சார்ஜ்பேக், ஆகவே அன்றே எல்லாவற்றையும் ரீஃபண்ட் செய்துவிட வேண்டும். ஒரே இணைய முகவரியிலிருந்து இத்தனை முயற்சிக்கு மேல் கூடாது என்ற வரம்பு, குறைந்தபட்சத் தொகை, கேப்சா மூன்றையும் தளம் திறக்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

நிராகரிப்புகளையும் படிக்கத் தெரிய வேண்டும். கூடவே வரும் குறியீடு 51 என்றால் கணக்கில் பணம் போதவில்லை, 54 என்றால் கார்டு காலாவதி, 05 என்றால் வங்கி மறுக்கிறது, ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறது. மாதச் சந்தா வசூலிப்பவர்கள் 51ஐச் சில நாள் கழித்து மறுபடி முயலலாம், சம்பள நாளுக்குப் பின் போனால் பெரும்பாலும் வந்துவிடும். 54க்கு எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது, அவரிடம் புதுக் கார்டு கேளுங்கள். அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப முயன்றால் அதற்கும் கட்டணம் போடுகிறார்கள்.

திறப்பதற்கு முன் சோதனைச் சூழலில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சொந்தக் கார்டில் நிஜப் பணம் கட்டி ஒரு ஆர்டர் போடுங்கள். அதில் பாதித் தொகையை ரீஃபண்ட் செய்யுங்கள். ஸ்டேட்மென்ட்டில் என்ன பெயர் வருகிறது, வங்கிக் கணக்கில் எத்தனை நாளில் எவ்வளவு விழுகிறது, கமிஷன் கழிந்து மொத்தமாக விழும் அந்தத் தொகையை எந்தெந்த ஆர்டர் என்று பிரித்துக் காட்டும் அறிக்கை எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். கணக்காளரிடம் அந்த அறிக்கையைக் காட்டி, அவருக்குப் புரிகிறதா என்று கேளுங்கள். வங்கியில் விழுந்ததையே விற்பனை என்று எழுதிவைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விற்பனை 100, செலவு 3 என்று எழுத வேண்டியது 97 விற்பனை ஆகிவிடும், வருடக் கடைசியில் வரிக் கணக்கில் இடிக்கும்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க இன்னும் ஒன்று பாக்கி. சந்தாக்காரர்களின் கார்டு டோக்கன்கள் அந்தச் சேவை நிறுவனத்திடம்தான் இருக்கும். நாளை வேறு இடத்துக்கு மாறினால் அவற்றைப் புது நிறுவனத்துக்கு நேராக மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். தருவோம் என்பவர்கள் இருக்கிறார்கள். தரமாட்டோம் என்றால், மாறும் நாளில் ஒவ்வொரு சந்தாக்காரரையும் தேடிப் பிடித்துக் கார்டு விவரத்தை மறுபடி போடச் சொல்ல வேண்டியிருக்கும், பாதிப் பேர் போட மாட்டார்கள். அது எனக்குக் கமிஷனைவிடப் பெரிய செலவாகத் தெரிகிறது.